இரண்டு தண்டவாளம் பதிக்க இத்தனை கோடியா? எடின்பரோ டிராம் பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 14 கிலோமீட்டர் டிராம் பாதை போட ஏழு ஆண்டுகளும் 77.6 கோடி பவுண்டும் ஆயின. அதே பாதையை 2023 இல் நியூஹேவன் வரை நீட்டியபோது மட்டும் சொன்ன தொகைக்குள் முடித்துவிட்டார்கள். இருக்கிற சாலையில் தண்டவாளம் பதிப்பதுதானே வேலை, முதல் தடவை எங்கே சறுக்கியது, இரண்டாம் தடவை எதை மாற்றினார்கள், டிராம் வந்தால் ஊர் உண்மையிலேயே வளருமா? இதில் தனித்தனியான இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிராம் ஏன் விலை அதிகம் என்பது ஒன்று; சொன்ன விலை ஏன் பொய்யாகிறது என்பது மற்றொன்று. பத்திரிகைகள் இரண்டையும் குழப்பித்தான் எழுதின. நியூஹேவன் நீட்டிப்பு சொன்ன விலையில் முடிந்ததே தவிர, மலிவாக முடியவில்லை. கணக்கைப் பின்னால் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். தண்டவாளத்துக்கு அல்ல. சாலையில் பதிக்கும் டிராம் தண்டவாளத்தின் தலையிலேயே சக்கரத்தின் விளிம்பு ஓட ஒரு பள்ளம் இருக்கும். உயரம் 180 மில்லிமீட்டர், எடை மீட்டருக்கு 60 கிலோ அளவு. போக ஒரு வழி, வர ஒரு வழி என்றால் நான்கு வரிசை. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 240 டன் எஃகு. பார்க்கப் பெரிய எண்தான், ஆனால் மொத்தச் செலவில் அது சிறு பங்கு. பெரும் பங்கைச் சாலைக்கு அடியில் கிடப்பவை விழுங்குகின்றன: குடிநீர், கழிவுநீர், எரிவாயுக் குழாய்கள், மின்கேபிள், தொலைபேசிக் கேபிள், எப்போதோ கைவிடப்பட்டு எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய்கள். எடின்பரோ போன்ற பழைய ஊரில் நடைபாதைக்கு அடியில் நீண்டு கிடக்கும் கல் நிலவறைகளும் உண்டு. அங்கே பழைய டிராம் 1956 நவம்பரில் நின்றுபோனது. அதற்கும் முந்தைய கேபிள் டிராமின் பிரம்மாண்டமான இரும்புச் சக்கரங்கள் நியூஹேவன் வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தன.

அவற்றை ஏன் இடம் மாற்ற வேண்டும், அப்படியே விட்டு மேலே கான்கிரீட் போட்டால் என்ன என்று கேட்கலாம். பஸ் பாதையில் குழாய் உடைந்தால் பஸ்ஸை அடுத்த தெருவில் திருப்பிவிட்டுத் தோண்டலாம். டிராமைத் திருப்ப முடியாது. ஒரு குழாயைச் சரிசெய்ய முழு வழித்தடமும் நிற்கும். அதனால் டிராமின் உடல் நகரும்போது அடைத்துக்கொள்ளும் அகலத்துக்கு நேர் கீழே, பாதை நெடுக ஓடும் குழாய்களை வெளியே தள்ளுவது வழக்கம். குறுக்கே கடப்பவற்றை, ஆழம் போதுமானால், உறைக்குழாய்க்குள் விட்டு வைப்பார்கள். வளைவுகளில் இந்த அகலம் கூடும். நீளமான வண்டி வளையும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனை வெளிப்பக்கம் வீசும். ஆகவே முச்சந்திகளில்தான் இடமாற்றம் அதிகம். குழாய்கள் அதிகமாகச் சந்திக்கும் இடமும் அதுதான்.

அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை நாட்டின் சட்டம் தீர்மானிக்கிறது. பலர் கவனிக்காத விஷயம் இது. பிரிட்டனில் குழாய் நிறுவனம் ஏற்பது 7.5 சதவீதம், மிச்சம் முழுதும் டிராம் திட்டத்தின் கணக்கில் ஏறும். பிரான்ஸில் பொதுச் சாலையில் குழாய் பதித்திருப்பவர், சாலையின் நலனுக்காக நகரச் சொன்னால் பொதுவாகத் தன் செலவில் நகர வேண்டும். அங்கே அந்தத் தொகை காணாமல் போய்விடவில்லை. தண்ணீர்க் கட்டணத்திலும் மின்கட்டணத்திலும் கலந்துவிடுகிறது. டிராம் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான். இரு நாட்டுத் திட்டங்களின் கிலோமீட்டர் விலையை அருகருகே வைத்துப் பேசுகிறவர்கள் முதலில் இதைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும்.

இனி சொன்ன விலை ஏன் தப்பியது என்பதற்கு வருவோம். எடின்பரோ நகர மன்றம் இந்த வேலைக்கென்றே 'டை' என்ற சொந்த நிறுவனத்தை வைத்திருந்தது. திட்டத்தொகை 54.5 கோடி பவுண்டு. அதில் 50 கோடி ஸ்காட்லாந்து அரசுடையது, மீதி மன்றத்துடையது. விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவே வந்து, துறைமுகப் பகுதியான லீத் வழியாகக் கடலோர நியூஹேவன் வரை 2011 இல் டிராம் ஓடியிருக்க வேண்டும். காகிதத்தில் வரிசை சரியாகவே இருந்தது. முதலில் ஓர் ஒப்பந்ததாரர் குழாய்களை எல்லாம் அகற்றித் தெருவைக் காலியாகக் கொடுப்பார். அதற்குள் வடிவமைப்பு முடிந்திருக்கும். பிறகு வேறொரு கூட்டமைப்பு வந்து தண்டவாளம் போடும். குழாய் வேலை 2007 ஜூலையில் தொடங்கியது. தோண்டத் தோண்ட வரைபடத்தில் இல்லாதவை வந்துகொண்டே இருந்தன. அது முடியவில்லை, வடிவமைப்பும் முடியவில்லை. ஆனாலும் 2008 மே மாதம் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தம்தான் விபத்தின் மையம். பெரும்பகுதி விலை நிலையானது என்று நகர மன்றத்திடம் சொல்லப்பட்டது. ஆனால் அந்த நிலையான விலை ஒரு அனுமானப் பட்டியலின் மேல் நின்றது: தெரு காலியாக இருக்கும், வடிவமைப்பு பெரிதாக மாறாது, இன்ன இடத்தில் இன்ன தரை இருக்கும் என்று. எந்த அனுமானம் தவறினாலும் ஒப்பந்ததாரர் அறிவிப்புக் கொடுத்துக் கூடுதல் தொகை கேட்கலாம். அப்படி நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் வந்தன. நிலையான விலை என்று எழுதிய காகிதத்தில், நிலையாக இருந்தது விலை மட்டும். விலை எதற்கு என்பது நிலையாக இல்லை. கட்டுமானத் துறையில் இது புதிதல்ல. வடிவமைப்பு பாதியில் இருக்கும்போது நிலையான விலை கேட்டால், கிடைப்பது ஏதாவது ஒரு விலை. அதன் ஓட்டைகள் அனுமானப் பக்கங்களில் இருக்கும். அந்தப் பக்கங்களை வாசிக்காமல் முதல் பக்கத்து எண்ணை மட்டும் மன்றத்தில் வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு எடின்பரோவைவிட நல்ல பாடம் கிடையாது.

பிறகு நடந்தவை பொதுப்பதிவில் உள்ளன. 2009 பிப்ரவரியில் நகரின் முக்கிய வீதியான பிரின்சஸ் ஸ்ட்ரீட்டின் வேலையே தகராறில் நின்றது. 2011 மார்ச்சில் இரு தரப்பும் சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாதையை ஹேமார்க்கெட் ரயில் நிலையத்தோடு நிறுத்தலாம் என்று மன்றம் வாக்களித்தது. அதாவது டிராம் நகரின் மையத்துக்கே வராது. சில நாட்களில் அதையும் மாற்றி, நகர மையத்தில் உள்ள யார்க் பிளேஸ் வரை என்று முடிவானது. 'டை' கலைக்கப்பட்டது. லீத், நியூஹேவன் கைவிடப்பட்டன. தொகை 77.6 கோடியானது, 2014 மே 31 அன்று பயணிகள் ஏறினார்கள். ஹார்டி பிரபு தலைமையிலான பொது விசாரணை 2014 இல் அறிவிக்கப்பட்டு 2023 செப்டம்பரில்தான் அறிக்கை தந்தது. டிராம் கட்டியதைவிட விசாரித்தது அதிக நாள் என்ற கேலி அந்த ஊரில் சகஜம். வட்டி முதலானவற்றையும் சேர்த்து உண்மைச் செலவு 83.57 கோடி என்று அது மதிப்பிட்டது; பொறுப்பின் பெரும்பகுதியை 'டை' மீது வைத்தது.

ஒப்பந்தம் ஒருபுறம் இருக்க, தொழில்நுட்பத் தவறு ஒன்றும் நடந்தது. பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் 2009 இல் பதித்து முடித்த பாதையின் ஓரங்களில், தண்டவாளத்துக்கும் சாலைப் பரப்புக்கும் இடையே, வெடிப்பு விழுந்து பெயரத் தொடங்கியது. ஒரு டிராம்கூட ஓடுமுன்பே, 2011 இல் தெருவை மறுபடி மூடிச் சரிசெய்தார்கள். இது ஏன் நடக்கிறது என்று புரிய, பாதை போடும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாலையை அரை மீட்டருக்குக் குறையாமல் வெட்டி, அடித்தரையை இறுக்கி, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் போடுவார்கள். தண்டவாளங்களை 18 மீட்டர் அளவுத் துண்டுகளாகக் கொண்டுவந்து, வளைவுக்கு வேண்டியவற்றை ஆலையிலேயே வளைத்துவந்து, இறுதி மட்டத்தில் தாங்கிகளில் தொங்கவிட்டு, 1435 மில்லிமீட்டர் இடைவெளியை ஓரிரு மில்லிமீட்டர் பிசகுக்குள் பூட்டி, அலுமினோ-வெப்ப முறையில், அதாவது மூட்டில் உருகிய எஃகை வார்த்து, ஒட்டி, அதன்பின் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றுவது ஒரு முறை. கான்கிரீட் இறுகிய பிறகு மட்டம் சரியில்லை என்று தெரிந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே ஊற்றும் முன் கடைசி அளவெடுப்பை அவசரப்படுத்துகிற மேற்பார்வையாளர் பின்னால் வருந்துவார். தண்டவாளத்துக்கு ரப்பர் அல்லது பாலிமர் உறை போடுவார்கள். அதிர்வைக் குறைக்க ஒரு காரணம், மின்சாரம் கசியாமலிருக்க முக்கியமான காரணம். இந்த உறையால், டிராம் ஏறும்போது தண்டவாளம் இம்மியளவு அமிழ்ந்து எழும்பும். பக்கத்தில் இருக்கும் தார்க்கலவைக்கு அந்த அசைவு ஒத்துவராது. எடின்பரோவின் முக்கிய வீதி போல பஸ்கள் ஓயாமல் போகும் தெருவில், பஸ் சக்கரமும் அதே விளிம்பை மிதிக்கும். விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும், மழைநீர் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரிந்து பிளக்கும். சிகிச்சை தெரிந்ததுதான்: ஓரத்தை மென்மையான மூட்டுப்பொருளால் அடைப்பது, தண்டவாளத்தை ஒட்டிய பட்டையைத் தாருக்குப் பதில் கான்கிரீட்டாகவே மேலே வரை கொண்டுவருவது, பள்ளத்தில் தேங்கும் நீருக்கு இடையிடையே வடிகால் பெட்டி வைப்பது. மூன்றுமே முதலில் செய்தால் சில்லறை; பின்னால் செய்தால் தெருவை மூட வேண்டும்.

மின்கசிவு பற்றியும் ஒரு வார்த்தை. டிராமுக்கு 750 வோல்ட் நேர்மின்சாரம் மேற்கம்பி வழியே வந்து, தண்டவாளம் வழியே துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் தேவைப்படும். தண்டவாளத்தின் உறை கிழிந்த இடத்தில் மின்சாரம் மண்ணில் இறங்கி, பக்கத்து இரும்புக் குழாயை வழியாகப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ அதிலிருந்து வெளியேறும். வெளியேறும் இடத்தில் இரும்பு கரையும். ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுதும் கசிந்தால் 9 கிலோ இரும்பு போய்விடும். இது வேதியியல் கணக்கு, கருத்துவேறுபாட்டுக்கு இடமில்லை. குழாய் நிறுவனங்கள் டிராமைக் கண்டு அஞ்சுவதற்கும், தங்கள் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைத் திட்டச் செலவில் புதுப்பித்துக்கொள்ள முனைவதற்கும் இதுவே நியாயமான சாக்கு. சாக்கு என்று சொன்னேன்; பல இடங்களில் உண்மைத் தேவையும்கூட. எது எவ்வளவு என்று பிரித்தறிய, திட்டத்தின் பக்கத்திலும் குழாய் தெரிந்த ஒரு பொறியாளர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், நிறுவனம் கேட்கிற நீளம் முழுதும் மாற்றிக் கொடுக்கப்படும்.

இப்போது நியூஹேவன். 2019 மார்ச்சில் ஒப்புதல், அந்த ஆண்டு நவம்பரில் வேலை, நடுவில் கொரோனா முடக்கம், 2023 ஜூன் 7 அன்று திறப்பு. 4.69 கிலோமீட்டர், 8 நிறுத்தங்கள், 20.73 கோடி பவுண்டு. மாற்றியவை என்ன? முதலாவது, ஒப்பந்தம் போட்ட உடனே தோண்டவில்லை. கட்டப்போகிறவர்களையே சில மாதம் வடிவமைப்பு மேசையில் உட்கார வைத்து, ஐயங்களைக் கட்டுமானத்துக்கு முன்பே வெளியே எடுத்தார்கள். இரண்டாவது, 'ஒரே தோண்டல்' என்ற விதி. ஒரு பகுதியை மூடினால் குழாய், வடிகால், தண்டவாளம், நடைபாதை எல்லாம் முடித்துவிட்டுத்தான் திறப்பது. அதே தெருவை ஒருவர் மூடிவிட்டுப் போக இன்னொருவர் வந்து திறப்பது கிடையாது. இதற்கு விலை உண்டு. லீத் வாக் போன்ற அகலமான கடைத்தெரு நீண்ட காலம் அரைத்தெருவாக இருந்தது. கடைக்காரர்களுக்கு உதவித்தொகையும், சரக்கை இறக்கி உள்ளே கொண்டுசேர்க்கத் தனி ஆட்களும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது, தெரியாதவற்றுக்கான தொகையை ஒளிக்காமல் திட்டத்தொகைக்குள்ளேயே வைத்தார்கள். கான்ஸ்டிட்யூஷன் ஸ்ட்ரீட்டில் தெற்கு லீத் தேவாலயத்தின் பழைய இடுகாடு சாலைக்கு அடியில் இருப்பது முன்பே தெரியும். தொல்லியலாளர்களுக்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள். 14 ஆம் நூற்றாண்டிலிருந்து 17 ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்ட 360 க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை அவர்கள் பொறுமையாக எடுத்தார்கள். 2008 ஒப்பந்தமாக இருந்திருந்தால் அதே எலும்புகள் ஒரு கூடுதல் தொகை அறிவிப்பாக வந்திருக்கும்.

சொன்ன கணக்கு இது. முதல் கட்டம் 77.6 கோடியை 14 ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5.5 கோடி. நீட்டிப்பு 20.73 ஐ 4.69 ஆல் வகுத்தால் 4.4 கோடி. வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் முதல் கட்டத்து 5.5 இல் 27 டிராம்களும், கோகாரில் உள்ள பணிமனையும், கட்டுப்பாட்டு அறையும், பாலங்களும் அடக்கம். நீட்டிப்புக்கு ஒரு வண்டிகூடப் புதிதாக வாங்கவில்லை. போதாததற்கு, லீத் வாக் குழாய்களில் ஒரு பகுதியை முதல் சுற்றிலேயே, டிராம் வராமல் போன அந்த நாட்களில், மாற்றிவிட்டார்கள். இத்தனையும் கழித்தால் நீட்டிப்பு மலிவே அல்ல. மறுபக்கம், முதல் கட்டத்தில் ஹேமார்க்கெட்டுக்கு மேற்கே பெரும்பகுதி மற்ற வாகனங்கள் வராத தனித்தடம். நீட்டிப்போ முழுக்க முழுக்கத் தெரு. அதனால் அதிக விலை என்று குறை சொல்லவும் முடியாது. திறமை வெளிப்பட்டது விலையைக் குறைத்ததில் அல்ல, விலையை முன்கூட்டியே சரியாகச் சொன்னதில்.

மலிவாகக் கட்டிய ஊர் வேண்டுமென்றால் பிரான்ஸின் பெசான்சோனைப் பாருங்கள். எடின்பரோ திறந்த அதே 2014 கோடையில், ஆகஸ்ட் இறுதியில், 14.5 கிலோமீட்டர் பாதை திறந்தது. வண்டியும் அதே ஸ்பானிய நிறுவனமான சி.ஏ.எஃப்.பின் அதே ரகம். செலவு சுமார் 25.4 கோடி யூரோ. மேலே சொன்ன குழாய்ச் சட்டம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல: எடின்பரோ 43 மீட்டர் நீள வண்டி வாங்கியது, பெசான்சோன் 24 மீட்டர் போதும் என்று தொடங்கியது. நிறுத்தங்களை அலங்கரிக்கவில்லை, தெருவின் முகப்பையெல்லாம் இந்தச் சாக்கில் மாற்றும் ஆசையை அடக்கிக்கொண்டார்கள். டிராம் திட்டத்தின் பெயரில் ஊர் முழுதும் புது நடைபாதையும் விளக்கும் போட்டுக்கொள்வது பிரெஞ்சு நகரங்களின் வழக்கம். அதைத் தவிர்த்தாலே கணிசமாக மிச்சமாகும். வாங்குவதிலும் சாமர்த்தியம் உண்டு. தீஜோன், பிரெஸ்ட் என்ற இரு பிரெஞ்சு நகரங்களும் நாட்டின் இரு கோடியில் இருந்தும் வண்டிகளைச் சேர்ந்தே ஆர்டர் செய்து விலையைக் குறைத்தன.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் இன்னொரு வழியைக் காட்டியது. 2001 ஜூலையில் திறந்த அதன் முதல் பாதை 5.69 கோடி டாலரில் முடிந்தது. அவர்களின் உபாயம் ஆழம் குறைந்த தளம்: 30 சென்டிமீட்டர் கனம், 2.4 மீட்டர் அகலம் மட்டும். வண்டி 20 மீட்டர் நீளம், எடை குறைவு. அதனால் தளம் மெலிதாக இருக்கலாம், குழாய்களில் பலவற்றை அசைக்கவே வேண்டாம். தளத்துக்கு அடியில் குழாய் உடைந்தால், கம்பி கட்டிய தளம் குழியின் மேல் சிறு பாலம் போல நிற்கும், ஓரத்திலிருந்து குடைந்து சரிசெய்யலாம் என்பது கணக்கு. சில கட்டடத் தொகுதிகளின் நீளத்தை மட்டும் சில வாரம் மூடி முடித்து, அடுத்ததற்கு நகர்ந்தார்கள். 2005, 2006, 2007 இல் தெற்கே துண்டு துண்டாக நீட்டினார்கள்; 2012 இல் ஆற்றின் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள்; 2015 இல் தில்லிகம் பாலம் வந்ததும் பாதை ஒரு முழு வளையமானது. சிறுகச் சிறுக நீட்ட விரும்பும் ஊருக்கு நல்ல மாதிரி. குறையும் உண்டு. பாதையின் பெரும்பகுதியில் டிராம் மற்ற வாகனங்களோடுதான் ஊர்கிறது. வரிசை மாறி நிறுத்திய ஒரே ஒரு கார் முழுச் சேவையையும் நிறுத்திவிடும். டிராம் விலகிப்போக முடியாதே. 2017 இல் திறந்த டிட்ராய்ட் பாதை சாலையோரத் தடத்தில் ஓடி இந்தத் தொல்லையை முழுசாக அனுபவித்தது. தண்டவாளத்தில் மிச்சம் பிடிக்கலாம், தளத்தில் பிடிக்கலாம். தனித்தடத்தில் மட்டும் பிடிக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

நீட்டிக்கும் எண்ணம் இருந்தால் முதல் கட்டத்திலேயே செய்துவைக்க வேண்டியவை உண்டு. எடின்பரோ ஒன்றைத் தெரியாத்தனமாகச் சரியாகச் செய்தது. 27 வண்டிகளும் முழுப் பாதைக்கென்று வாங்கியவை. பாதை சுருங்கியதும் கூடுதல் வண்டிகள் கேலிப்பொருளாயின. பிறகு அவைதான் நியூஹேவனைத் தாங்கின. கணக்கு எளிது. முனைக்கு முனை ஏறக்குறைய ஒரு மணி நேரம். போய் வர 120 நிமிடம், இரு முனையிலும் சேர்த்து ஓய்வுக்கு 10 நிமிடம், ஆக 130. ஏழு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 130 ஐ 7 ஆல் வகுக்க 19 வண்டி. பராமரிப்புக்கும் பழுதுக்கும் மூன்று நான்கு சேர்த்தால் 23. 27 இல் அடங்கிவிடும். வண்டிக்கு 250 பேர் என்றால் மணிக்கு ஒரு திசையில் 2,100 பேர் போகலாம். இடைவெளியை மூன்று நிமிடமாக்கினால் 5,000. ஆனால் அதற்கு வண்டி இரட்டிப்புக்கு மேல் வேண்டும். துணைமின் நிலையங்களின் திறனும் கூட வேண்டும்.

பணிமனைதான் பிறகு பெரிதாக்க மிகச் சிரமமான உறுப்பு. நிலத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட வேண்டும். சக்கரம் கடையும் இயந்திரத்துக்கான குழி, வண்டியின் கூரைமேல் வேலை செய்யும் மேடை, பிரேக்குக்கு வேண்டிய மணல் நிரப்பும் இடம் ஆகியவற்றைப் பின்னால் இடித்துக் கட்ட முடியாது. நிறுத்த மேடைகளை, எதிர்காலத்தில் வாங்கப்போகும் மிக நீளமான வண்டிக்கு ஏற்பக் கட்டிவிட வேண்டும். குறைந்தபட்சம் இடமாவது விட வேண்டும். கிளை பிரியும் இடத்தில் தடம் மாற்றும் பாயின்ட்களை முதலிலேயே பதித்து, சில மீட்டர் தண்டவாளத்தை நீட்டி விட்டுவைத்தால், பிற்பாடு ஓடுகிற பாதையை நிறுத்தாமல் இணைக்கலாம். தற்காலிக முனையமாகக் கட்டிய யார்க் பிளேஸ் நிறுத்தம் நீட்டிப்பின்போது ஒரேயடியாக மூடப்பட்டு, பக்கத்தில் பிக்கார்டி பிளேஸில் புதிதாக ஒன்று கட்ட வேண்டிவந்தது. பாதை நடுவழியில் அறுக்கப்பட்டதற்கான அபராதம் என்று அதைச் சொல்லலாம்.

கட்டி முடித்ததும் ஓட்டிவிட முடியாது. முதலில் வண்டியின் வெளி அளவுக்குச் சட்டம் கட்டி மெதுவாக இழுத்துப்போய் எங்காவது கம்பமோ மேடையோ உரசுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நடைவேகம், பிறகு முழுவேகம், பிறகு ஓட்டுநர் பயிற்சி, கடைசியில் பயணிகள் இல்லாமல் கால அட்டவணைப்படி முழு ஓட்டம். நியூஹேவனில் சோதனை 2023 மார்ச்சில் தொடங்கி ஜூன்வரை நடந்தது. ஊராரும் பழகிக்கொள்ள வேண்டிய காலம் அது. தண்டவாளப் பள்ளம் சைக்கிள் டயருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் சிக்கிக்கொள்ளும், ஈரமானால் வழுக்கும். எடின்பரோவில் விழுந்து காயப்பட்டவர்கள் பலர், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. சைக்கிள் தடம் தண்டவாளத்தை 60 பாகைக்குக் குறையாமல், முடிந்தால் செங்குத்தாகவே, கடக்கும்படி வரைய வேண்டும். எச்சரிக்கைப் பலகை அதற்கு மாற்றல்ல.

கடைசியாக, டிராம் வந்தால் ஊர் வளருமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதுவரை சொன்ன மண், மின்சாரம், ஒப்பந்தம் எல்லாம் உறுதியாகப் பேசக்கூடியவை, இது அப்படியல்ல. போர்ட்லண்டில் டிராம் பாதையோரம் ஏராளமான அடுக்குமாடிகள் எழுந்தன என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பகுதிகளில் அதே காலத்தில் கட்டட விதிகளைத் தளர்த்தினார்கள், பழைய ரயில் முற்றத்தை விற்பனைக்குத் திறந்தார்கள், வரிச்சலுகையும் இருந்தது. கட்டுநர்கள் டிராமைப் பார்த்து வந்தார்களா, டிராம்தான் கட்டுநர்கள் வரப்போகும் இடமாகப் பார்த்துப் போடப்பட்டதா என்று பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. எடின்பரோவில் பிக்கார்டி பிளேஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செயின்ட் ஜேம்ஸ் வணிக வளாகம் 2021 இல் திறந்தது. நீட்டிக்கப்பட்ட பாதையில் டிராம் ஓடத் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அதை டிராமின் கணக்கில் எழுதும் விளம்பரத் தாள் எதையாவது பார்த்தால், இந்த இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.